மானியம் தின்றவர்களும் சோம்பேறிப் பட்டம் சுமந்தவர்களும்

"நூறு நாள் வேலைன்னு ஒண்ணு வந்துச்சு, அதோட காட்டு வேலைக்கு ஆள் கெடைக்கிறது போச்சு." திருமயம், அரிமளம், கடியாபட்டிப் பக்கம் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் ஒரு டீ குடித்துவிட்டு எழுந்திருக்க முடியாது. ரேஷன் அரிசி சும்மா கிடைக்குது, மரத்தடியில உக்காந்துட்டு வந்தா கூலி கிடைக்குது, அப்புறம் எவன் மம்பட்டி பிடிப்பான் என்று பேச்சு நீளும். பேசுகிறவர் பெரும்பாலும் பத்து மா நிலமாவது வைத்திருப்பவர். அல்லது வைத்திருந்தவரின் மகன். 2018 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் இதையொத்த கருத்தையே சொன்னது: இலவச அரிசி மக்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டது, அதனால் வடமாநிலத்து ஆள்களைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது என்று. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில், அதுவும் வீடற்றவர்களுக்கான தங்குமிடம் பற்றிய வழக்கில், இலவசங்களால் சனங்கள் வேலை செய்ய மறுக்கிறார்கள் என்ற பேச்சு மறுபடி எழுந்தது.

டீக்கடை பெஞ்சிலிருந்து நீதிமன்ற பெஞ்சுவரை சொல் மாறாமல் ஒரு வாக்கியம் போய்ச் சேருகிறது என்றால் அதற்கு வயது அதிகம் என்று அர்த்தம். அந்த வயதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

முதலில் சொற்கள். இன்றைக்கு அரசாங்கம் உரத்துக்கும் காஸுக்கும் கொடுப்பதை 'மானியம்' என்கிறோம். காசு வாங்காமல் கொடுப்பதை 'இனாம்' என்கிறோம். இரண்டுமே பழைய நிலவுடைமைச் சொற்கள். மானியம் என்றால் வரியில்லாமலோ சொற்ப வரியிலோ விடப்பட்ட நிலம். இனாமும் அதுதான். கோயிலுக்கு விட்டது தேவதானம், பார்ப்பனர்க்கு விட்டது பிரம்மதேயம், படைக்கு ஆள் கொடுத்தவனுக்கு விட்டது அமரம். ஆக, அரசாங்கம் சும்மா கொடுப்பதைக் குறிக்க நமக்கிருக்கிற சொற்களே, யார் ஆயிரம் வருஷமாகச் சும்மா வாங்கினார்கள் என்பதற்குச் சாட்சியாகக் கிடக்கின்றன. சொல்லை வைத்திருக்கிறோம், சொல்லுக்குப் பின்னால் இருந்த ஆளை மறந்துவிட்டோம்.

திருமயத்துக்கு வருகிறவர்கள் கோட்டையைப் பார்ப்பார்கள், ஒரே பாறையில் குடைந்த சிவன் கோயிலையும் பெருமாள் கோயிலையும் பார்ப்பார்கள், காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி பிறந்த ஊர் என்று சொல்லிக்கொண்டு போவார்கள். அந்த இரண்டு கோயிலுக்கும் நடுவே ஒரு வழக்கு நடந்தது. கோயில் நிலத்து வருமானத்தை யார் எவ்வளவு எடுப்பது என்ற சண்டை. 1245இல் ஹொய்சளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கன் வந்து பஞ்சாயத்துப் பேசி, வருமானத்தைப் பங்கு பிரித்து, தீர்ப்பைக் கல்லில் வெட்டி வைத்தான். சைவர்க்கு இவ்வளவு, வைணவர்க்கு இவ்வளவு. பங்கு பிரிபட்ட நெல்லை விளைவித்தவன் அந்த வழக்கில் வாதியுமில்லை, பிரதிவாதியுமில்லை. உழாமல் நெல் வாங்கியவர்கள் இரண்டு தரப்பிலும் இருந்தார்கள், ஆனால் சோம்பேறித்தனம் பற்றி அந்தக் கல் ஒன்றும் பேசக் காணோம்.

தொண்டைமான்களின் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்த மானிய ஏற்பாட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. நிக்கலஸ் டர்க்ஸ் எழுதிய புத்தகத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும்: சமஸ்தானத்தின் சாகுபடி நிலத்தில் பெரும்பகுதி இனாம். திவான் சேஷய்யா சாஸ்திரி காலத்தில், 1888இல், இனாம் செட்டில்மெண்ட் நடந்தபோது அதையெல்லாம் கணக்கெடுக்கவே பெரும்பாடு பட்டார்கள். இது போதாதென்று தசராவுக்குத் தானம் வேறு. பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து நவராத்திரி நாள்களில் அரண்மனையிலிருந்து அரிசியும் காசும் பார்ப்பனர்களுக்கு வழங்குவது வழக்கம். அதோடு பேர் சேர்ந்ததுதான் நம் ஊர் அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. அரசாங்கமே அரிசி போட்டு, கையில் சில்லறையும் கொடுத்தது. வாங்கிப் போனவர்கள் கெட்டுப்போவார்கள், உழைக்கும் ஆர்வம் குன்றும் என்று எந்தத் திவானும் கவலைப்பட்டுக் குறிப்பு எழுதியதாகத் தெரியவில்லை. தானம் வாங்குவது அவர்கள் தொழில், கொடுப்பது அரசனுக்குப் புண்ணியம்.

நம்மாள்களுக்கும் மானியம் இருந்தது. இல்லையென்று சொல்லக்கூடாது. வெட்டியான் மானியம், தோட்டி மானியம் என்று தண்ணி ஏறாத மேட்டில் ஒரு துண்டு. அதற்குப் பதிலாகச் சாவு சொல்லப் போகணும், செத்த மாட்டை இழுக்கணும், மடை பார்க்கணும், தப்பு அடிக்கணும், அதிகாரி வந்தால் மூட்டை தூக்கணும். மேலே இருந்தவனுக்கு வேலையில்லாத மானியம், கீழே இருந்தவனுக்கு முடியாத வேலைக்கு மானியம். 'வெட்டி' என்ற சொல்லையே பாருங்கள். கூலியில்லாமல் செய்யவைத்த வேலைக்கு அந்தப் பேர். கடைசியில் வேலையே செய்யாதவனை 'வெட்டிப்பய' என்று வைகிறோம். வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காதவன் மேல் விழவேண்டிய வசவு, வேலை செய்தவன் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

வெள்ளைக்காரன் ஆண்ட சென்னை மாகாணத்தில் 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று போட்டார்கள். கண்மாய்க்கரை உடையும் ஆபத்து வந்தால் ஊரிலுள்ள உழைப்பாளிகளைக் கட்டாயமாக வேலைக்கு இழுக்கலாம். வராதவனைத் தண்டிக்கலாம். குடிமராமத்து என்று இன்றைக்குப் பெருமையாகப் பேசுகிறோமே, அந்தப் பெருமைக்கு இப்படியும் ஒரு பக்கம் உண்டு. அன்றைக்குக் கரையில் மண் சுமந்தவர்களின் பேத்திகள் இன்றைக்கு அதே கரையில், பேர் எழுதி, கையெழுத்துப் போட்டு, கூலி வாங்கி மண் சுமக்கிறார்கள். முந்திச் சுமந்தபோது அதற்குப் பேர் கடமை. இப்போது அதற்குப் பேர் சோம்பேறித்தனம்.

தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை. பாட்டிமார் 'தாது வருசம்' என்று சொல்லும்போதே குரல் இறங்கும். சமஸ்தானத்து எல்லையில் பஞ்சம் நின்றுவிடவில்லை. 1871இல் புதுக்கோட்டை சமஸ்தானத்து மக்கள்தொகை 3 லட்சத்து 16 ஆயிரம் சொச்சம், பத்து வருஷம் கழித்து 1881இல் எண்ணியபோது 3 லட்சத்து 2 ஆயிரம் சொச்சம். பிறந்தவர்களையும் சேர்த்துத்தான் இந்தக் குறைவு. செத்தவர்கள் எத்தனை, கண்டிச்சீமைக்குக் கப்பலேறியவர்கள் எத்தனை என்று அந்த எண்ணுக்குள் நாம்தான் தேட வேண்டும்.

இந்தப் பஞ்சத்தில்தான் 'உதவி கொடுத்தால் சோம்பேறியாவான்' என்ற கருத்து அரசாங்கத்தின் கொள்கையாகக் காகிதத்தில் ஏறியது. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன், ரிச்சர்ட் டெம்பிள் என்பவரைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். இந்த டெம்பிள் கதை விசித்திரமானது. 1873-74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி இறக்கித் தாராளமாகக் கொடுத்தவர் இவரே. அங்கே பட்டினிச் சாவு மிகக் குறைவு. அதற்காக அவரைப் பாராட்டவில்லை, பணத்தை வாரி இறைத்தார் என்று வைதார்கள். பாடம் படித்துக்கொண்ட மனிதர் சென்னைக்கு வந்தபோது வேறு ஆளாக இருந்தார். பஞ்ச வேலையில் மண் சுமக்கிற வளர்ந்த ஆண் ஒருவனுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் அரையணாவும் போதும் என்று கூலியை வெட்டினார். வீட்டுப் பக்கத்தில் வேலை கொடுத்தால் தேவையில்லாதவனும் வருவான் என்பதால் பத்து மைல் தள்ளிப் போனால்தான் வேலை என்றொரு சோதனை. நடக்கத் தெம்பிருக்கிறவனுக்கு உதவி தேவையில்லை, தெம்பில்லாதவனால் போய்ச் சேர முடியாது. நல்ல சோதனை!

மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை எதிர்த்தார். சிறையில் இருக்கிற கைதிக்குக் கிடைப்பதைவிட இது குறைவு, இந்தச் சோற்றில் மண் சுமந்தால் ஆள் சாவான் என்று மருத்துவக் கணக்குப் போட்டுக் காட்டினார். முகாம்களில் ஆள்கள் கொத்துக் கொத்தாக விழுந்த பிறகு சில மாதங்களில் கூலி கொஞ்சம் ஏறியது. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற கால்வாய்த் துண்டு அந்தப் பஞ்ச வேலையில் வெட்டியது. கவர்னர் பேரில் அது பக்கிங்ஹாம் கால்வாய். வெட்டியவர்கள் பேரில் எதுவுமில்லை. கஞ்சித்தொட்டி என்ற சொல் மட்டும் பேச்சில் தங்கிவிட்டது.

டெம்பிளின் கருத்து இங்கே முளைத்ததல்ல. இங்கிலாந்தில் 1834இல் ஏழைகள் சட்டத்தைத் திருத்தியபோது, உதவி வாங்குகிறவனின் நிலை வெளியே வேலை செய்கிற கடைசிக் கூலியின் நிலையைவிட மோசமாக இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். அதாவது உதவி ஒரு தண்டனை மாதிரி இருக்கணும். அந்த விதி ஆலை முதலாளிக்குக் குறைந்த கூலிக்கு ஆள் தேடிக்கொடுத்தது. 1880இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை இன்னும் ஒளிவுமறைவில்லாமல் பேசியது: பஞ்சத்தில் உதவி கேட்பது உரிமை என்று ஏழைகள் நினைத்துவிட்டால், பஞ்சமில்லாத காலத்திலும் அதை உரிமையாகக் கேட்பார்கள், அது பெரிய ஆபத்து என்ற பொருளில். சனங்கள் செத்தது அவர்களுக்கு வருத்தம். சனங்கள் உரிமை கேட்பது அவர்களுக்குப் பயம்.

யாருக்கு என்ன பயம் என்பது 1891இல் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. செங்கல்பட்டு கலெக்டர் டிரமன்ஹீர், பறையர் நிலை பற்றி அரசாங்கத்துக்கு ஒரு அறிக்கை கொடுத்தார். குடியிருக்கிற சேரி மனைகூட மிராசுதாருக்குச் சொந்தம், எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துப்போடு என்பான், தரிசு நிலத்துக்கு மனுப்போட்டால் மிராசு பாத்தியதை என்று சொல்லி மறிப்பான் என்று எழுதினார். ஒதுக்க வேண்டியது நிலம், குடிமனை, கல்வி என்றார். வருவாய் வாரியத்து அதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. நிலைமை அவ்வளவு மோசமில்லை என்றார்கள். மிராசுதார்களின் எதிர்ப்பில் இருந்த விஷயம் ஒன்றுதான்: இவனுக்குச் சொந்தமாக ஒரு காணி இருந்தால் என் வயலுக்கு எவன் வருவான்?

இதுதான் அந்த வாக்கியத்தின் அசல் பிரதி. 'ஆள் கெடைக்கல' என்றால் ஆள் இல்லை என்று பொருளில்லை. நான் சொன்ன நேரத்துக்கு, நான் கொடுக்கிற கூலிக்கு, என் வாசலில் நின்று கூப்பிட்டதும் வருகிற ஆள் இல்லை என்று பொருள். 1892 செப்டம்பரில் அரசாங்கம் நிலம் ஒதுக்க ஆணை போட்டது. அதுவே பஞ்சமி நிலம். பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக்கூடாது, பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கணும் என்பது நிபந்தனை. அந்த நிலம் எங்கே போனது என்று நாம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். 1994இல் செங்கல்பட்டில் அதைக் கேட்ட ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். சமஸ்தானமாக இருந்ததால் அந்த ஆணை புதுக்கோட்டைக்குச் செல்லாது. நம் பக்கத்துச் சேரிகளுக்குப் பறிகொடுக்கக்கூட பஞ்சமி நிலம் கிடையாது.

கடல் தாண்டியும் இதே கதைதான். மலாய் அறிஞர் சையத் ஹுசைன் அலாட்டாஸ் 1977இல் 'சோம்பேறிச் சுதேசி' என்ற கட்டுக்கதையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மலாய்க்காரனுக்குச் சொந்தமாக நெல்வயல் இருந்தது. அவன் ரப்பர்த் தோட்டத்துக்குக் கூலியாக வர மறுத்தான். உடனே அவன் சோம்பேறி. அவனுக்குப் பதிலாக நிலமில்லாத தமிழனைக் கொண்டுபோனார்கள். அங்கே 'நல்ல உழைப்பாளி' என்று பேர் வாங்கிய தமிழன், ஊரில் மிராசுதார் வாயில் சோம்பேறி. திருமயம் பக்கத்திலிருந்து கங்காணி பின்னால் போய் இலங்கை மலைகளை வெட்டித் தேயிலைத் தோட்டமாக்கினவர்களும் அப்படித்தான். உழைப்பு ஒன்றே. யாருக்காக உழைக்கிறான் என்பதைப் பொறுத்துப் பட்டம் மாறுகிறது. கூடக் கூலி கேட்டால் சோம்பேறிப் பட்டத்தோடு விடுவதுமில்லை, 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்தார்கள்.

நூறு நாள் வேலைக்கு வருவோம். சட்டம் 2005இல் வந்தது. புதுக்கோட்டை மாவட்டத்துக்கு 2008 ஏப்ரலில் எட்டியது. அப்போது தமிழ்நாட்டில் நாள் கூலி 80 ரூபாய். 2025-26இல் 336 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு நூறு நாளும் முழுசாக வேலை கிடைத்து, முழுக் கூலியும் கிடைத்தால் வருஷத்துக்கு 33,600. நாலு பேர் இருக்கிற வீட்டில் தலைக்கு ஒரு நாளைக்கு 23 ரூபாய். நாட்டளவில் சராசரியாகக் கிடைத்ததோ ஐம்பது நாள் அளவுக்குத்தான், அப்படியென்றால் அதிலும் பாதி. இருபத்து மூணு ரூபாயில் ஒருத்தன் சோம்பேறியாக வாழ முடியுமென்றால் அந்த வித்தையை எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கலாம்.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போனவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதை நம் கிராமங்கள் முதல்தடவையாகக் கண்ணால் பார்த்தது இந்த மண் வேலையில்தான். நடவுக்கும் களையெடுப்புக்கும் ஒரு கூலி, ஏருக்கும் மம்பட்டிக்கும் ஒரு கூலி என்று இருந்த இடத்தில் இது சின்ன விஷயமில்லை. இன்னொன்று, இது 'கவுருமெண்டு வேலை'. யாரையும் 'சாமி' போடவேண்டியதில்லை, கொல்லைப்புறம் போய்க் கொட்டாங்கச்சியில் தண்ணி வாங்கிக் குடிக்கவேண்டியதில்லை. திருப்பூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஆய்வு செய்த கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நெவ்வே இருவரும் இதைத்தான் எழுதினார்கள்: தலித் பெண்களுக்கு இது கூலியை மட்டும் தரவில்லை, நிலக்காரரை நம்பிக் கிடக்கிற நிலையைக் குறைத்தது என்று.

அப்படியானால் மற்ற வேலை நின்றுபோனதா? க்ளெமான் இம்பெர், ஜான் பாப் இருவரும் இந்தியா முழுக்கப் பார்த்த கணக்கில், திட்டம் முதலில் வந்த மாவட்டங்களில் வேலை குறைந்த வறட்சி மாதங்களில் தனியார் கூலி ஐந்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருந்தது. ஆந்திராவில் கூலிப் பட்டுவாடாவை ஒழுங்குபடுத்திய இடங்களில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில், வெளிக்கூலி ஏறியதோடு தனியார் வேலைவாய்ப்பும் கூடவே செய்தது. ஆறு நாடுகளில் ஏழு பண உதவித் திட்டங்களை அபிஜித் பானர்ஜியும் மற்றவர்களும் 2017இல் சேர்த்துப் பார்த்தபோதும், காசு வாங்கியவர்கள் வேலையை விட்டதற்கான தடயம் கிடைக்கவில்லை. ஆக டீக்கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை. ஏதோ மாறித்தான் இருக்கிறது. மாறியது கூலி. அதைக் கூலி என்று சொல்லக் கூச்சப்பட்டுக் குணம் என்று சொல்கிறார்.

நம் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1990களின் தொடக்கத்தில், அறிவொளி நடந்த காலத்தில், பொம்பளைங்க சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட அதே காலத்தில், மாவட்ட நிர்வாகம் கல்குவாரிகளைக் கிராமத்துப் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விட்டது. அதில் பலர் முந்தி ஒப்பந்தக்காரரிடம் கொத்தடிமையாகக் கல் உடைத்தவர்கள். சாய்நாத் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அரசாங்கம் பாறையைக் கொடுத்தது, அவர்கள் உடைத்தார்கள், கணக்கு எழுதினார்கள், லாபத்தைப் பார்த்தார்கள். அதுவும் அரசு உதவிதானே? சோம்பேறியானார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல முடியாதபடி அவர்கள் வேலை செய்தார்கள். ஆனாலும் ஒப்பந்தக்காரர்கள் அவர்களை நிம்மதியாக விடவில்லை. பாறையின் மேல் யாருக்குப் பாத்தியதை என்பது இன்னும் உயிர் போகிற சங்கதி. சட்டவிரோதக் குவாரிகளைப் பற்றிப் புகார் கொடுத்துவந்த ஒருவர் 2025 ஜனவரியில் திருமயம் பக்கத்தில் லாரி மோதிச் செத்தார், கொலை வழக்குப் பதிவானது.

நம் பக்கமும் பேசவேண்டியதைப் பேசிவிடணும். நூறு நாள் வேலையில் சும்மா உட்கார்ந்த நாள்கள் உண்டு. அளவு போடாமல் பேர் மட்டும் எழுதியதும், பேர் எழுதினவன் கமிஷன் எடுத்ததும் உண்டு. தூர் வாரிய ஊருணியையே வருஷா வருஷம் வாரியதும் உண்டு. இதையெல்லாம் மறைக்கத் தேவையில்லை. இனாம் கணக்கில் நடந்த திருட்டோடு ஒப்பிட்டால் இது கடுகு, ஆனால் திருட்டு திருட்டுதான். என் சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. அரிசி கொடுத்தார்கள், மிக்ஸி கொடுத்தார்கள், நூறு நாள் கொடுத்தார்கள். எல்லாம் வேண்டியவைதான், பசியைத் தெரிந்த எவனும் ரேஷன் அரிசியைப் பழிக்கமாட்டான். 2006இல் நிலமற்றவர்களுக்கு இரண்டு ஏக்கர் என்று ஒரு வாக்குறுதி வந்தது, அது எத்தனை சேரிக்குள் பட்டாவாக வந்து சேர்ந்தது? மேலே இருந்தவர்களுக்கு அரசு உதவி என்றால் நிலமாகக் கொடுத்தார்கள், அது பேரன் பேத்திவரை சோறு போட்டது. நமக்கு உதவி என்றால் நாள்கூலியாகக் கொடுக்கிறார்கள், அது அடுத்த வாரத்துக்கு இல்லை. டிரமன்ஹீர் நிலம் என்றார். 130 வருஷம் கழித்து நாம் அட்டையில் பதிந்த நாள்களை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

அந்த நாள்களையும் அவ்வளவு சுலபமாக விடவில்லை. 2021இல் கூலியைச் சாதிவாரியாகப் பிரித்துப் போடச் சொன்னார்கள். சேர்ந்து மண் சுமந்தவர்களுக்கு வேறு வேறு நாளில் பணம் வந்து, ஊருக்குள் சண்டையை மூட்டிவிட்டுப் பிறகு கைவிட்டார்கள். 2023 ஜனவரியிலிருந்து காலையில் ஒரு போட்டோ, பிற்பகலில் ஒரு போட்டோ, சிக்னல் கிடைக்காவிட்டால் வேலை செய்தும் ஆப்சென்ட். 2024 நவம்பர் கடைசியிலிருந்து மாதக்கணக்கில் தமிழ்நாட்டுக்கான கூலிப் பணம் வராமல் கிடந்தது. டெம்பிளின் பத்து மைல் சோதனைக்கு இப்படிப் பல புது வடிவங்கள்.

2025 டிசம்பரில் நூறு நாள் சட்டத்தின் இடத்தில் நாடாளுமன்றம் வேறு சட்டம் நிறைவேற்றியது. நூறு நாள் 125 நாளாகிறது என்று அறிவித்தார்கள், செலவில் மாநிலங்களின் பங்கு நாற்பது சதவீதமாகிறது. அதில் இன்னொரு விதியும் உண்டு. விதைப்பும் அறுப்பும் நடக்கிற மும்முரமான காலத்தில், வருஷத்தில் மொத்தம் அறுபது நாள், இந்த வேலை நடக்கக்கூடாது. விவசாயத்துக்கு ஆள் கிடைக்கணுமாம். செங்கல்பட்டு மிராசுதார் 1891இல் கேட்டதை ஒரு சட்டப்பிரிவாகவே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எந்த அறுபது நாள் என்பதை மாநில அரசு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். திருமயத்தில் மழை பெய்தால்தான் கண்மாய், கண்மாய் பெருகினால்தான் நடவு. பொய்த்த வருஷத்தில் அந்த அறுபது நாளில் வயலிலும் வேலை இருக்காது, கரையிலும் இருக்காது. அந்த வருஷத்துக்கு என்ன ஏற்பாடு என்று சட்டத்தை எழுதினவர்களிடம் யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.